ஒளி சிகிச்சை மையம், மதுரை: ஆறு மாத அனுபவம்

முழங்கையில் சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய்) எனக்குப் பத்து வருடமாக உண்டு. போன வருடம் இடுப்பில், பாவாடை நாடா கட்டும் தடத்திலேயே, வெண்புள்ளியும் வந்தது. இரண்டுக்கும் தனித்தனியாக அலைய வேண்டுமோ என்ற பயத்தோடுதான் இங்கே போனேன்.

டாக்டரம்மா அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். இரண்டிலுமே நம் உடலின் எதிர்ப்பு சக்தி நம் தோலையே தாக்குகிறது, ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு, யாருக்கும் தொற்றாது என்றார். தோல் உரசும், கீறும் இடங்களில் இரண்டுமே கிளம்புமாம். நாடாவை விட்டுவிட்டு அகலமான எலாஸ்டிக்குக்கு மாறச் சொன்னார். இத்தனை வருடத்தில் இதை யாருமே எனக்குச் சொன்னதில்லை.

இரண்டுக்கும் ஒரே சிகிச்சை: வாரம் 2 முறை, 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூண்டுக்குள் நிற்க வேண்டும், நொடிக்கணக்கில்தான் ஆரம்பிப்பார்கள். முழங்கைச் செதில் இரண்டு மாதத்தில் அடங்கிவிட்டது. வெண்புள்ளி மெதுவாகத்தான் மாறுகிறது. ஐந்தாவது மாதம் ஒருநாள் பார்த்தால், மயிர்க்கால்களைச் சுற்றிக் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள்! தோலின் நிறம் திரும்புகிறது! சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டேன்.

உடை மாற்றும் இடத்துக்குக் கதவு இல்லை, திரை மட்டும்தான். பெண்களுக்கு அது சங்கடம், அவசியம் மாற்ற வேண்டும். அப்புறம், சனிக்கிழமை கூட்டம் அதிகம். செவ்வாய் காலையில் போங்கள்.