லேசரில் வெட்டி வாங்கிய தகடுகள்: சில வருஷ அனுபவம்

கோவையில் குடியிருப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஜாப் ஒர்க், அதாவது நாம் கொடுக்கிற டிராயிங்குக்குக் கூலிக்கு வேலை, செய்கிற பட்டறை ஒன்று கண்ணில் படும். வீட்டில் நானே கட்டிய சிஎன்சி ரூட்டருக்கும் (கம்ப்யூட்டர் ஓட்டுகிற செதுக்கும் மெஷின்), அப்புறம் செய்த கேமரா ஸ்லைடர், வெல்டிங் மேசைக்கும் தகடுகளைச் சில வருஷமாக ஃபைபர் லேசரில்தான் வெட்டி வாங்குகிறேன். முன்பு ஹேக்ஸாவும் அரமும் வைத்து நாள் முழுக்க மல்லுக்கட்டிய வேலை, இப்போது கம்ப்யூட்டரில் வரைந்த டிராயிங்கை ஒரு டிஎக்ஸ்எஃப் ஃபைலாக அனுப்புவதோடு சரி.

அளவு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. நீமா 23 என்கிற அளவு ஸ்டெப்பர் மோட்டாருக்குத் துளைகளின் இடைவெளி 47.14 மிமீ, நடுத்துளை 38.1 மிமீ, 6 மிமீ எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்டில் வெட்டி வந்ததும் மோட்டார் அரம் போடாமலே உள்ளே உட்கார்ந்தது. ஆனால் பேரிங் வேறு கதை. தடித்த பிளேட்டில் லேசர் துளை மேலும் கீழும் ஒரே அளவாக இருக்காது, வெட்டு தொடங்கி முடிகிற இடத்தில் சின்னத் தழும்பும் நிற்கும். அதனால் 22 மிமீ பேரிங்குக்கு 21.5 மட்டும் வெட்டச் சொல்லி, மீதியை லேத்தில் குடைந்துகொள்கிறேன். அப்படிப் போட்ட பேரிங் எதுவும் இன்றுவரை ஆடவில்லை.

டேப் போடுகிற, அதாவது திருகுக்கு உள்ளே மரை வெட்டுகிற, துளைக்கும் இதே மாதிரிதான். எம்5 (5 மிமீ) திருகுக்கு 4.2 மிமீ துளை என்று கணக்கு இருந்தாலும் லேசர் சூட்டில் துளையின் ஓரம் கடினமாகிவிடும், டேப் படக்கென்று முறியும். 3.5 மிமீ வெட்ட வைத்து வீட்டில் 4.2-க்கு டிரில் போட்டால் டேப் சுகமாக இறங்குகிறது.

பெண்டிங்கில், அதாவது தகட்டை மடிக்கிற வேலையில், நான் கற்றது எல்லாம் பட்டறைக்காரர்களிடம்தான். மெஷினில் இருக்கும் தம்பி ஒருவர் டிராயிங்கைப் பார்த்ததுமே, "ஓட்டைய இன்னும் தள்ளி வைங்கண்ணா, மடிப்புக்கிட்ட இருந்தா முட்டையாட்டம் இழுத்துக்கும்" என்றார். மாற்றி வரைந்த அந்த பிராக்கெட் வட்டம் கலையாமல் வந்தது. அதிலிருந்து மடிப்பு இருக்கிற வேலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உட்காருவதில்லை, நேரிலேயே போய்விடுகிறேன். அலுமினியம் என்றால் கிரேடு கேட்காமல் மடிக்கக் கொடுக்காதீர்கள். 5052 நன்றாக மடியும். 6061-டி6 இறுக்கமான மடிப்பில் விரிசல் விட்டுவிடும்.

நாள்பட்ட பிறகுதான் தெரிகிற ஒன்று பெயிண்ட். எம்.எஸ். தகட்டைப் பெரும்பாலும் ஆக்சிஜன் விட்டு வெட்டுவார்கள், வெட்டிய விளிம்பில் கருப்பாக ஒரு ஆக்சைடு படலம் தங்கும். அதன் மேலேயே பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்குகிற பெயிண்ட்) போட்டால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், கொஞ்ச மாதத்தில் விளிம்பிலிருந்து உரிந்து உள்ளே துரு ஏறும். கோட்டிங்குக்கு அனுப்பும் முன் கிரைண்டரில் மாட்டுகிற ஃபிளாப் டிஸ்க்கோ உப்புத்தாளோ வைத்து வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். நைட்ரஜன் விட்டு வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் காசு கூடுதல்.

ஃபைல் விஷயம் சுருக்கமாக: மிமீயில் இருக்கட்டும், கோடுகள் இடைவெளி விடாமல் மூடியிருக்கட்டும், ஒரே கோடு இரண்டு முறை விழுந்திருந்தால் மெஷின் இரண்டு முறை வெட்டும். லேசரின் வெட்டு அகலத்துக்கு நாமே அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது, அவர்களுடைய சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.

காசு என்பது எடை, வெட்டு நீளம், துளை எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து வரும். எடையை நாமே கணக்குப் போடலாம்: 1 மிமீ தடிமனில் ஒரு சதுர மீட்டர் இரும்பு 7.85 கிலோ. எனவே 300-க்கு 200, 6 மிமீ பிளேட் என்றால் சுமார் 2.8 கிலோ. தகட்டைச் சுற்றி வரும் முழுச் சதுரத்துக்கும்தான் எடை போடுவார்கள் என்பதால், எல் வடிவப் பாகங்களை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து வரைந்து கொடுத்தால் நல்ல மிச்சம். மிச்சம் கிடக்கிற பிட்டில் போட்டுத் தரச் சொன்னால் இன்னும் குறையும். மாதக் கடைசியில் மட்டும் போகாதீர்கள், பெரிய லோடு அனுப்புகிற அவசரத்தில் நம் நாலு பீஸ் மூலையில் கிடக்கும்.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். ஒரு பட்டறையில் 6 மிமீ கேட்டதற்குக் கையிருப்பில் இருந்த 5 மிமீயில் வெட்டிவிட்டு, "ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்கள். ஸ்லாட்டில் சொருகுகிற வேலைக்கு ஒரு மில்லி போனால் மொத்தமும் ஆடும். காசையும் திருப்பித் தரவில்லை. அதற்கப்புறம் வாங்கும் இடத்திலேயே வெர்னியர் வைத்து தடிமனைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன், நீங்களும் கூச்சப்படாமல் அப்படியே செய்யுங்கள்.

அடுத்து ரூட்டரின் ஸ்பிண்டில் (வெட்டும் மோட்டார்) மவுண்ட்டுக்கு 12 மிமீ அலுமினியம் வெட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் தடிமனில் விளிம்பு சுத்தமாக வேண்டும், சூடும் படக் கூடாது என்பதால் அதை மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி வெட்டுகிற வாட்டர்ஜெட்டில் கொடுக்கப் போகிறேன்.