ப்ராஜெக்ட்லிப்ரே: இலவசத் திட்ட மென்பொருளை நான்கறை வீட்டுப் புதுப்பிப்பில் வைத்துப் பார்த்தால்

ப்ராஜெக்ட்லிப்ரேயின் கணினிப் பதிப்புக்குக் காசு கிடையாது. 2012ல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் செய்த எம்பிபி கோப்பையும் திறக்கும். தோற்றம் கொஞ்சம் பழசு, பழக இரண்டு மூன்று மாலைகள் பிடிக்கும். ஆனாலும் சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு வாங்கிப் புதுப்பிக்கப்போகிற யாருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். காரணம் ஒன்றுதான்: ஒரு வேலை தள்ளிப்போனால் அதன் பின்னால் எவையெல்லாம் தள்ளிப்போகும் என்பதை இது உடனே காட்டும். வாட்ஸ்அப் குழுவும் அட்டை அட்டையாக ஒட்டும் செயலிகளும் யார் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லும். எது எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அவற்றில் தெரியாது.

ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை எடுத்துக்கொள்வோம். உடைப்பு 3 நாள், குழாயும் மின்கம்பியும் 5, குளியலறை நீர்க்காப்புப் பூச்சு 2, தண்ணீர் தேக்கிச் சோதிக்க 1, டைல்ஸ் 8, தச்சு அளவெடுப்பு 1, பட்டறையில் அலமாரி செய்ய 20, பொருத்த 5, கடைசிச் சாயமும் துப்புரவும் 3. மொத்தம் 48 வேலை நாள். உட்கூரை 4 நாள், முதல் சாயப்பூச்சு 5 நாள். இந்த ஒன்பது நாள் வேலையும் டைல்ஸ் முடிந்தபின், பட்டறை வேலை நடக்கும்போதே நடக்கலாம். இதைப் பதிந்து ஒவ்வொரு வேலைக்கும் முந்தைய வேலையின் எண்ணைத் தட்டினால், 48 நாள் சங்கிலி முழுவதும் சிவப்பாகும், அதாவது அதில் எது தள்ளினாலும் முடிவும் தள்ளிப்போகும். உட்கூரையும் சாயமும் சிவப்பாகா. அளவெடுப்பும் பட்டறையும் சேர்ந்து 21 நாள், இவற்றுக்கு வேண்டியது 9. ஆக 12 நாள் இடமிருக்கிறது. சாயக்காரர் ஒரு வாரம் தாமதித்தால் குடிபோகும் நாள் அசையாது. டைல்ஸ் தேர்வில் இரண்டு நாள் இழுத்தால் அந்த இரண்டு நாளும் பால் காய்ச்சும் தேதியில் வந்து விழும். கோபத்தையும் தொலைபேசி அழைப்புகளையும் எங்கே செலவழிப்பது என்று இந்தச் சிவப்புக் கோடு சொல்கிறது. 1957ல் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ஆலைப் பணிகளுக்காக வகுத்த அதே கணக்குதான் இது.

நாட்காட்டி அமைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவர் உடைப்பு, டைல்ஸ் பெயர்ப்பு, டைல்ஸ் வெட்டு போன்ற சத்தமான வேலைகளை வீவக திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதிக்கிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை, தீபாவளி போன்ற பெருநாள்களுக்கு முந்தைய நாள், எதிலும் கூடாது. மற்ற வேலைகளைச் சனிக்கிழமையும் செய்யலாம். மென்பொருளில் இருப்பது ஐந்து நாள் வாரம். அதைச் சத்தமான வேலைகளுக்கு வைத்துக்கொண்டு, ஆறு நாள் நாட்காட்டி ஒன்றைப் புதிதாக உருவாக்கி மற்றவற்றுக்குக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஆறு நாள் போட்டால், வியாழன் தொடங்கும் மூன்று நாள் உடைப்பு சனியன்று முடியும் என்று திட்டம் காட்டும். உண்மையில் அது திங்களன்றுதான் முடியும். பட்டறைக்கு மூன்றாவது நாட்காட்டி வேண்டும். தச்சுப் பட்டறைகள் பல மலேசியாவின் ஜோகூரில் இருக்கின்றன, சீனப் புத்தாண்டை ஒட்டி ஒரு வாரத்துக்கு மேல் மூடுபவையும் உண்டு. அந்த நாட்களைக் கேட்டு முன்னரே அடைத்துவிடுங்கள்.

அடுத்த தவறு, தொடக்கத் தேதியைக் கையால் தட்டுவது. அப்படித் தட்டினால் 'இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே' என்ற கட்டு அந்த வேலையில் விழும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னே நகராது. கால அளவையும் தொடர்பையும் மட்டும் கொடுங்கள், தேதியை மென்பொருள் கணக்கிடட்டும். தலைப்பு வரிகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டாம், அவற்றின் கீழுள்ள வேலைகளைக் கோக்கவும். பத்து நாளுக்கு மேல் நீளும் வேலையை உடைக்கவும். பட்டறையின் 20 நாளைப் பலகை வாங்குதல், வெட்டுதல், பூட்டுதல் என்று பிரித்தால்தான் பத்தாம் நாளில் உருப்படியாகக் கேள்வி கேட்க முடியும். வேலையாள் எண்ணிக்கை கூடினால் நாள் குறையும் என்ற தேர்வை நீர்க்காப்புப் பூச்சுக்கு எடுத்துவிடவும். நான்கு பேர் நின்றாலும் பூச்சு காயும் நேரம் அதேதான்.

'பேஸ்லைன்' வசதி இந்த மென்பொருளின் சிறந்த பகுதி. ஒப்பந்தம் கையெழுத்தானதும் திட்டத்தை அதில் பதிந்து வைத்தால், பிறகு நடப்பதை அதனோடு ஒப்பிடலாம். ஆனால் எது வேலை, எது வேலையில்லை என்று தாளில் எழுதாதவர்களுக்கு இதனால் பயனில்லை. 'பழைய கதவுகளை மாற்றவில்லை', 'சமையலறை ஜன்னல் இதில் சேராது' போன்ற வரிகள்தான் பின்னால் வரும் சண்டையைத் தடுக்கும். சுவர் பூசியபின் இன்னொரு மின்செருகி வேண்டும் என்றால், எவ்வளவு பணம், எத்தனை நாள், யார் ஒப்புக்கொண்டார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கியபிறகே திட்டத்தில் சேர்க்க வேண்டும். பணம் கட்டும் கட்டங்களைக் கால அளவு பூஜ்யமாக இட்டு, தேதியோடு கட்டாமல் முடிந்த வேலையோடு கட்டுங்கள். தண்ணீர் தேக்கிய 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இல்லை என்று பார்த்தபிறகு ஒரு தவணை, டைல்ஸைத் தட்டிப் பார்த்து உள்ளே வெற்றிடச் சத்தம் இல்லையென்றால் அடுத்தது.

குறைகளில் பெரியது, ஒரே கோப்பில் இருவர் சேர்ந்து வேலை செய்ய முடியாதது. கணவர் ஒரு பிரதியிலும் மனைவி இன்னொன்றிலும் திருத்தினால் இரண்டு திட்டங்களாகிவிடும். ஒருவர் மட்டும் கோப்பை வைத்திருந்து, வெள்ளிக்கிழமைதோறும் படம் பிடித்துக் குழுவில் போடுவதே வழி. முன்னேற்றத்தைப் பதியும்போது தொடங்கியதற்கு 50, முடிந்ததற்கு 100 விழுக்காடு மட்டும் போடவும். ஒப்பந்தக்காரர் சொல்லும் '90 விழுக்காடு ஆச்சு' மூன்று வாரம் அங்கேயே நிற்கும்.

ஓர் அறைக்குச் சாயம் அடிக்க இது தேவையில்லை, ஒரு தாள் போதும். பதினைந்து வேலைகளும் மூன்று நான்கு ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்துவிட்டால் இறக்கிக்கொள்ளுங்கள். பட்டறையின் விடுமுறைத் தேதிகளையும் டைல்ஸ் கடையின் விநியோக நாளையும் எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால், முதல் மாலையிலேயே சிவப்புக் கோட்டைப் பார்த்துவிடலாம்.