கேடட் காதலனுக்குக் கடிதம் அனுப்பும் ஆப்: முதல் கோடைக்கு ஓகே, அதற்கு மேல் வேண்டாம்

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் கேடட்டாக (பயிற்சி மாணவராக) சேர்ந்தவுடன் நடக்கும் அடிப்படைப் பயிற்சியை ‘பீஸ்ட்’ என்பார்கள். ஏறக்குறைய 6 வாரம். நினைத்த நேரத்தில் போன், மெசேஜ் எல்லாம் கிடையாது, கடிதத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். அதனால் என் காதலன் அங்கே போனதும் இந்த ஆப்பை இறக்கினேன். நாம் டைப் செய்து ஒரு போட்டோவும் சேர்த்தால், அவர்களே அச்சடித்து உறையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அச்சு சுமார்தான், போட்டோவில் நான் ஆவி மாதிரி வெளுத்திருந்தேனாம். ஆனால் கடிதத்தோடு ஒரு வெற்றுத்தாளும், ஸ்டாம்ப் ஒட்டி என் விலாசம் அச்சடித்த பதில் உறையும் வைக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் காசு கொடுக்கலாம். நாள் முழுக்க ஓடிக் களைத்து, விளக்கணைக்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அவன் ஷூவுக்குப் பாலிஷ் போடுவானா, ஸ்டாம்ப் தேடுவானா? என் ஆள் எழுதியது நாலே வரி, அதிலும் பாதி சாப்பாட்டைப் பற்றி, கையெழுத்து கோணல்மாணல். இருந்தாலும் வந்ததே!

உறை வெறும் வெள்ளை என்பதும் நல்லதுதான். இதய ஸ்டிக்கர் ஒட்டி, சென்ட் அடித்து அனுப்பினால் எல்லார் முன்னாலும் அசடு வழிவது வாங்குகிறவன்தான்.

இனி கடுப்பு. ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டினால் அவன் கைக்குப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அங்குள்ள தபால் அறைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம், கடிதத்தில் சண்டை போடவே போடாதீர்கள், கோபத்தில் எழுதியது போய்ச் சேர்வதற்குள் உங்களுக்கு ஆறிப்போயிருக்கும், அவனுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். கடிதங்கள் முன்பின்னாகவும் போகும், மேலே நம்பர் போட்டுவிடுங்கள்.

பீஸ்ட் முடிந்ததும் கேடட்களை வேறு கம்பெனிக்கு (படைப்பிரிவுக்கு) மாற்றுவார்கள், விலாசமும் மாறும். ஆப் பழைய விலாசத்தையே பிடித்துக்கொண்டு நின்றது, கஸ்டமர் கேருக்கு எழுதினால் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில். ஒரு கடிதம் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது, அதில் கொஞ்சம் அந்தரங்கமான சமாச்சாரம் வேறு.

ஆண்டுச் சந்தா வாங்கச் சொல்லி நச்சரிப்பார்கள், வாங்காதீர்கள். போன் திரும்பக் கிடைத்ததும் இதற்கு வேலையே இல்லை. படிப்பு 4 வருடம், முடியும்வரை கேடட்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்பது விதி. பள்ளிக்கூடக் காதல் பட்டமளிப்பு வரை தாங்கினால், நூற்றுக்கு இரண்டு ஜோடிதான் தேறும் என்ற அர்த்தத்தில் ‘இரண்டு சதவீத கிளப்’பில் சேர்ந்துவிட்டதாகக் கிண்டலடிப்பார்கள், அவ்வளவு தூரம் இழுக்க இந்த ஆப்புக்குத் தெம்பில்லை. வேண்டுமட்டும் தனித்தனிக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு அந்தப் பதில் உறைக்கு.