வில்லிசைக்கு ஒரு சின்ன மிக்சர்: வருசக்கணக்கா ஓட்டுனதுல தெரிஞ்சுகிட்டது

முதல்லயே சொல்லிருதேன், இது ஸ்டுடியோ வச்சிருக்கவங்களுக்கான ரிவ்யூ இல்ல. எங்க மாமாவுக்க வில்லிசை குழுவுக்காக நாகர்கோவில்ல வாங்குன பத்து சேனல் அனலாக் மிக்சர், அதுல மைக் சொருக நாலு இன்புட், மிச்சமெல்லாம் ஸ்டீரியோ லைன், உள்ளயே எக்கோ ரிவெர்ப்னு எஃபெக்ட்ஸ், பின்னாடி ஒரு யுஎஸ்பி, ஃபேடர் கிடையாது எல்லாமே குமிழ்தான். இந்த சைஸ்ல எந்த கம்பெனி எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், அதனால மாடல் பேர்ல ரொம்ப தொங்க வேண்டாம். என் கணக்கு என்னன்னா, கையில இருக்குற காசுல பாதிய மிக்சருக்கும் மீதிய வயர், ஸ்பேர் அடாப்டர், எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் வச்சவன் நிம்மதியா இருப்பான், மொத்தத்தையும் மிக்சர்லயே போட்டவன் கோயில் கொடை, அதாவது திருவிழா நாள்ல வேர்த்து ஒழுகிட்டு நிப்பான்.

மைக்செட்டு வாடகைக்கு வரும்போது நமக்கு எதுக்கு தனி மிக்சர்னு கேக்கலாம். மைக்செட்டுக்காரங்க மேடையில ரெண்டு மைக்க நட்டுட்டு ஆம்ப்ளிஃபையர திருப்பி வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க, அவங்கள குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, ஊரு முழுக்க குழாய் ஸ்பீக்கர் கட்டி சீரியல் லைட்டு போட்டு அவங்களுக்கு ஆயிரம் சோலி. ஆனா குடம் அடிக்கிற சத்தத்துல அண்ணாவிக்க, அதாவது முன்னால இருந்து கதை பாடுறவருக்க சொல்லு முங்கிப் போகும். மிக்சர் நம்ம பக்கத்துல இருந்தா பாட்டு, குடம், உடுக்கை, தாளம் எல்லாத்தையும் நாமளே சமன் பண்ணி ஒரே ஒரு வயர்ல அவங்க ஆம்புக்கு குடுத்துரலாம், அவங்களுக்கும் வேலை மிச்சம்.

நாலு மைக் போதுமாங்கிறதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. எங்களுக்கு தாராளமா போதும். அண்ணாவிக்கு ஒண்ணு, பின்பாட்டு ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு, குடத்துக்கு ஒண்ணு, உடுக்கைக்கும் தாளத்துக்கும் சேத்து ஒண்ணு. ஆர்மோனியம் வைக்கணும்னா உடுக்கை மைக்க கொஞ்சம் நகத்திக்கிடுவோம், கீபோர்டுன்னா அது லைன் இன்புட்டுக்கே போயிரும். வில்லுக்கு மைக் வேண்டவே வேண்டாம், அதுல கட்டியிருக்க மணி, வில்லுல அடிக்கிற வீசுகோல் படும்போதெல்லாம் அண்ணாவி மைக்ல தானாவே வந்து விழுது, சொல்லப்போனா தேவைக்கு மேலயே விழுது. அதுக்கு அவரு சேனல்ல ஹை குமிழ மட்டும் ஒரு நூல் கொறச்சு வைப்பேன், மிட்ட தொடமாட்டேன், சின்ன மிக்சர்ல மிட் பெரும்பாலும் 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அத கொறச்சா பாட்டுக்க வார்த்தை எல்லாம் வாய்க்குள்ளயே நின்ன மாதிரி ஆயிரும்.

மைக் இன்புட் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் உண்டு, ஹைபாஸ் ஃபில்டர், 80 இல்லன்னா 100 ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ளத வெட்டிரும். பல பேரு அத தொடுறதே இல்ல. குளச்சல், முட்டம் பக்கம் கடக்கரைக் கோயில்ல பாடுனவங்களுக்கு தெரியும், காத்து மைக்ல அடிச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு பாக்ஸ் எல்லாம் துடிக்கும். பாடுற மைக் எல்லாத்துலயும் அந்த பட்டன அமுக்கி, மைக்குக்கு மேல பஞ்சு உறையும் போட்டுட்டா பாதி தொல்லை தீந்துது. குடத்து சேனல்ல மட்டும் அமுக்கக் கூடாது, குடத்துக்க அழகே அந்த அடித்தொண்டை சத்தம்தான்.

அடுத்தது கெய்ன். மேல இருக்குற கெய்ன் குமிழுக்கும் கீழ இருக்குற லெவல் குமிழுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சா மிக்சர் பாதி படிச்ச மாதிரி. மைக்ல இருந்து வாற துளியூண்டு சிக்னல வேலைக்கு ஆகுற அளவுக்கு தூக்குறது கெய்ன், தூக்குனத எவ்வளவு வெளிய விடணும்ங்கிறது லெவல். முதல்ல லெவல்களையும் மெயினையும் 0 குறியில (அடியோட கொறச்ச எடம் இல்ல, ஏத்தாம எறக்காம அப்படியே விடுற 0 dB குறி) வச்சுட்டு, அதுக்குப் பொறவு ஒவ்வொரு ஆளா பாடச்சொல்லி கெய்ன ஏத்தணும், மீட்டர் 0 பக்கம் ஆடணும், பீக்னு உள்ள சிவப்பு லைட்டு எப்பமாவது ஒரு மின்னு மின்னலாம், எரிஞ்சுகிட்டே இருந்தா கொறைக்கணும். இதுல வில்லிசைக்குன்னு ஒரு தனி விசயம் இருக்கு. தொடக்கத்துல சாமிய வேண்டி காப்பு பாடும்போது அண்ணாவி பைய ஆரம்பிப்பாரு, அந்த சத்தத்துக்கு கெய்ன் வச்சோம்னா பொறவு சாமி வரத்து, அதாவது ஆள் மேல சாமி வர வைக்கிற பாட்டு பாடும்போது குரல் ரெண்டு மடங்கு ஏறி மிக்சர் கிழிஞ்சு போகும். அதனால செக்கிங்லயே மாமாகிட்ட வரத்துல ரெண்டு வரி பாடுங்கன்னு கேப்பேன். அவரு "லேய் மக்கா, சாமி இப்பமே வந்துட்டா கொடைக்கு யாருலே ஆடுவா"ன்னு சிரிப்பாரு, இருந்தாலும் பாடிருவாரு.

அந்த ஒத்த வயர் ஆம்புக்கு போற இடத்துலதான் நெறைய பேரு தடுக்கி விழுறாங்க. மைக்ல வாறது சில மில்லிவோல்ட்தான், மிக்சர் அவுட்புட்ல வாறது ஒரு வோல்ட் பக்கம். மைக்செட்டு ஆம்ப்ளிஃபையர்ல முன்னாடி மைக்குனு எழுதியிருக்க ஓட்டைல மிக்சர் அவுட்ட சொருகுனா சத்தம் உடைஞ்சு கரகரன்னுதான் வரும், உடனே எல்லாரும் மிக்சர் மோசம்னு சொல்லிருவாங்க. ஆக்ஸ் இல்லன்னா லைன்னு ஒரு இன்புட் பின்னாடி இருக்கும், அதுல குடுக்கணும். ரெண்டு பக்கமும் பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் (மூணு பின் உள்ள, வழியில சேருற இரைச்சல தள்ளிவிடுற இணைப்பு) இருந்தா வயர் எவ்வளவு நீளமா போனாலும் பெருசா பிரச்சினை இல்ல. ஒரு பக்கம் சாதா மோனோ பின்னா இருந்தா அஞ்சாறு மீட்டருக்கு மேல இழுக்காம இருக்கது நல்லது, தூரமா போகணும்னா நடுவுல ஒரு டிஐ பாக்ஸ், சாதா சிக்னல பேலன்ஸ்டா மாத்துற சின்னப் பெட்டி.

இனி கரண்டு. இதுலதான் நான் கண்டிப்பா இருப்பேன், மத்ததுல எல்லாம் விட்டுக்குடுக்கலாம். கோயில் கொடைன்னா மேடைக்கு ஒரு வீட்டுல இருந்து லைன், ஆம்புக்கு ஜெனரேட்டர், லைட்டுக்கு இன்னொரு லைன்னு இருக்கும். மிக்சருக்கு ஒரு எடத்துல இருந்தும் ஆம்புக்கு வேற எடத்துல இருந்தும் கரண்டு எடுத்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் ஆடியோ வயர் வழியா ஓடும், "ம்ம்ம்ம்"னு 50 ஹெர்ட்ஸ் முனகல் வாறது அதனாலதான். ஆம்புக்கு எடுக்குற அதே போர்டுல இருந்து எர்த் உள்ள எக்ஸ்டென்ஷன் இழுத்து மிக்சருக்கு குடுத்தா பெரும்பாலும் அடங்கிரும், அதுலயும் அடங்கலன்னா டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ்ல எர்த் லிஃப்ட் பட்டன் இருக்கும், அது ஆடியோ வயர்ல உள்ள எர்த்த மட்டும்தான் பிரிக்கும். சில ஆளுங்க முனகல் போகணும்னு பிளக்குல உள்ள பெரிய எர்த் பின்னையே வெட்டி எடுத்துருவாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. ஆம்புக்குள்ள எங்கயாவது லீக் ஆச்சுன்னா அந்த 230 வோல்ட் போறதுக்கு வேற வழி இல்லாம மைக் ஷெல்லுக்கு வரும், அங்க ஒரு மனுசன் வேர்த்துப்போய் ஈரத்தரையில வெறுங்காலோட இருந்து ஒதட்ட மைக்ல ஒட்டி வச்சு பாடிட்டு இருப்பாரு.

மைக்ல வாய் வைக்கும்போது லேசா சுருக்குன்னு பட்டாலே பாட்ட நிப்பாட்டிட்டு கரண்டு ஆள கூப்பிடணும், "அது சும்மா"ன்னு சொல்றவங்கள நம்ப வேண்டாம். எங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கரண்டு லீக் ஆனா தானா கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு எலக்ட்ரீஷியன வச்சு மாட்டியிருக்கோம். மேடைக்கு சாமான் எறக்குன உடனே அதோட டெஸ்ட் பட்டன அமுக்கி கட் ஆகுதான்னு பாத்துட்டுதான் மத்த வேலை.

அடாப்டர் சின்ன மிக்சரோட பலவீனமான எடம். எங்களுக்கு கூட வந்தது ஒரு திருவிழா சமயம் செத்துப் போச்சு, ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி எறங்குனதா இருக்கலாம். அன்னைக்கு ஒரு ஆளு பின் சேருதுன்னு ரூட்டர் அடாப்டர எடுத்துட்டு ஓடி வந்தாரு. பின் சேந்தா போதாது, வோல்டேஜ், ஆம்பியர், உள்ள எது பிளஸ்ங்கிறது மூணும் சரியா இருக்கணும், அதுலயும் சில மிக்சர் அடாப்டர் டிசி குடுக்காது ஏசியே குடுக்கும், மாத்திப் போட்டா மிக்சர் காலி. இப்ப ஒரிஜினல் ஒண்ணு ஸ்பேரா பெட்டிக்குள்ளயே கெடக்கு, கூட ஒரு சின்ன ஸ்டெபிலைசரும் கொண்டு போறோம்.

ஆன் பண்ற வரிசை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மிக்சர் முதல்ல, ஆம்பு கடைசில, ஆஃப் பண்ணும்போது ஆம்பு முதல்ல. மாறிப் போனா டம்முன்னு ஒரு இடி இடிச்சு ஸ்பீக்கர் காயில பதம் பாத்துரும். நெஜ இடி இடிக்கும்போது, நம்ம மாவட்டத்துல சித்திரையிலயும் ஐப்பசியிலயும் சாயங்காலம் எப்படி இடிக்கும்னு சொல்ல வேண்டாம், பிளக்கையே கழத்திருங்க, சுவிட்ச ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது.

மைக் வயர் வழியாவே மைக்குக்கு கரண்டு குடுக்குற 48 வோல்ட் ஃபேண்டம் பட்டன பத்தி நெறைய பயம் இருக்கு. வெளிய இருந்து கரண்டு கேக்குற கண்டென்சர் மைக் இருந்தா மட்டும்தான் அது வேணும். எங்க மிக்சர்ல நாலு மைக்குக்கும் சேத்து ஒரே பட்டன், தனித்தனியா போட முடியாது. சாதா டைனமிக் மைக் நல்ல எக்ஸ்எல்ஆர் வயர்ல இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா 2வது பின், 3வது பின் ரெண்டுலயும் ஒரே வோல்டேஜ்தான் போகுது, காயிலுக்குள்ள கரண்டு ஓடாது. ஆனா வயர்ல பின் தப்பா சால்டர் பண்ணியிருந்தாலோ, பழைய ரிப்பன் மைக்கா இருந்தாலோ, எக்ஸ்எல்ஆர்ல மோனோ பின் மாத்தி போட்டு வேற சாமான் சொருகியிருந்தாலோ கேடு. வில்லிசைக்கு நாங்க அத தொடுறதே இல்ல, பக்கத்து ஊரு சர்ச் பாடகர் குழு கேட்டு வாங்கிட்டுப் போகும்போது மட்டும் அவங்க கண்டென்சருக்கு போடுறோம். மைக்க சொருகிட்டு, லெவல எறக்கிட்டு, அப்புறம் பட்டன். கழத்தும்போது பட்டன ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு கழத்தணும்.

எக்கோ பத்தி மாமாவுக்கும் குழுவுல உள்ள சின்னப் பயலுகளுக்கும் இன்னும் பஞ்சாயத்து ஓடுது. எக்கோ இல்லன்னா அது கொடையே இல்லன்னு ஒரு கூட்டம், மாமா கட்சி வேற: "கதை சொல்லு வெளங்கணும்லே, மலையில நின்னு கூப்பிட்ட மாதிரி எதுக்கு?" நான் மாமா கட்சி. பாட்டுக்கு கொஞ்சம், வசனத்துக்கு சுத்தமா கெடையாது. கால்ல மிதிக்கிற ஃபுட்சுவிட்ச் ஒண்ணு வாங்கி மிக்சர்ல சொருகிட்டோம், வசனம் வரும்போது ஒரு மிதி, எக்கோ போச்சு.

குழாய் மேடைக்குப் பின்னாடி கட்டியிருந்தா என்ன மிக்சர் வச்சாலும் கூவத்தான் செய்யும். ஸ்பீக்கர் எல்லாம் மைக்குக்கு முன்னாடி, சனத்த பாத்து இருக்கணும். மைக் தலைய கையால பொத்திப் பிடிக்கவும் விடக்கூடாது, பின்பக்க சத்தத்த வாங்காம இருக்க அந்த மைக்குல பண்ணியிருக்க ஏற்பாடே பொத்துனா போயிரும்.

சத்தம் எவ்வளவுங்கிறதும் நம்ம பொறுப்புதான். 85 டெசிபல்ல 8 மணிநேரம் வரைக்கும் காது தாங்கும்னு ஒரு கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 94ல ஒரு மணிநேரம்தான். ஹெட்ஃபோன் போட்டு மணிக்கணக்கா மிக்ஸ் பண்றவனுக்கு இது முதல்ல பொருந்தும், நான் செக்கிங்குக்கு மட்டும் போட்டுட்டு கழத்தி வச்சிருவேன். 2000ம் வருசத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரை வெளிய ஒலிபெருக்கி கூடாது, வருசத்துக்கு 15 நாளுக்கு மிகாம விழா நாளுன்னு மாநில அரசு குறிச்சா 12 வரைக்கும் தளர்வு உண்டு. கொடைக்கு வில்லு ராத்திரிதான்னு ஊர்ல அடம்பிடிப்பாங்க, 10 ஆனா நாங்க குழாய நிப்பாட்டிட்டு ஆம்பு இல்லாமயே பாடுறோம், முன்னாடி காலத்துல அப்படித்தான பாடுனாங்க, முன்வரிசைல உக்காந்திருக்க கெழவிகளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

யுஎஸ்பி ரெக்கார்டிங் பத்தி கடையில பெருசா பேசுவாங்க. பெரும்பாலான சின்ன மிக்சர்ல போறது மெயின் அவுட்டோட ஸ்டீரியோ மட்டும்தான், சேனல் சேனலா பிரிஞ்சு வராது, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, மேடையில குடம் சும்மாவே பெருசா கேக்கும்ங்கிறதால மிக்சர்ல அத கொறச்சுதான் வச்சிருப்போம், அப்ப ரெக்கார்டிங்க வீட்டுல போட்டுக் கேட்டா குடமே இருக்காது, அண்ணாவி குரல் மட்டும் மொட்டையா நிக்கும். அதுக்கு ஒரு ஃபோன தள்ளி கூட்டத்துல வச்சு தனியா பதிஞ்சு பொறவு ரெண்டையும் கலக்குறோம். மிக்சர்ல இணைச்ச ஃபோன சார்ஜர்ல போட்டுட்டே பதிஞ்சா ஒரு மாதிரி கீச்சுன்னு சத்தமும் சேந்து வரும்.

உப்புக்காத்துதான் நம்ம ஊருல மிக்சருக்கு எமன். குமிழ திருப்புனா கரகரன்னு சத்தம் வர ஆரம்பிச்சா கரண்ட கழத்திட்டு எல்லா குமிழையும் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பல தடவ திருப்பி விட்டாலே பாதி சரியாகும், மீதிக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்குற கான்டாக்ட் கிளீனர், துருவுக்கு அடிக்குற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். பின்னு எல்லாம் பச்சையா களிம்பு பிடிக்கும், தொடச்சு வைக்கணும். ஆனியாடிச் சாரலும் ஐப்பசி மழையும் ரெண்டும் நமக்கு உண்டுங்கிறதால மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறோம்.

செகண்ட்ஹேண்ட்ல வாங்குறவங்க கடையிலயே சொந்த மைக்கும் ஹெட்ஃபோனும் கொண்டு போய் ஒவ்வொரு சேனலா சொருகிப் பாருங்க, வயர லேசா ஆட்டிப் பாருங்க, ஜாக் லூஸா இருந்தா விட்டுட்டுத் திரும்பிருங்க. ஃபேண்டம் வேலை செய்யுதான்னு பாக்க மல்டிமீட்டர எக்ஸ்எல்ஆர் 1வது பின்னுலயும் 2வதுலயும் வச்சா 48 பக்கம் காட்டணும், 3வதுலயும் அதே காட்டணும். அடாப்டர் ஒரிஜினலான்னு கேளுங்க, இல்லன்னா அந்தக் காசையும் வெலையில கொறைக்கச் சொல்லுங்க.