துளை போடாமல் ஒட்டிய மூலைத் தட்டு: எட்டு மாதத்துக்குப் பிறகு

எங்கள் குளியலறை நாலடிக்கு ஐந்தடி. வாளியை வைத்தால் காலை வைக்க இடமில்லை. ஷாம்பு, சோப்பு, பிரஷ் எல்லாம் ஜன்னல் விளிம்பில்தான். ஒன்றை எடுத்தால் மூன்று விழும். வாடகை வீடு, டைல்ஸில் துளை போடவும் வழியில்லை.

மலிவாக இருக்கிறதே என்று முதலில் வாங்கியது சுவரில் அழுத்தி ஒட்டும் ரப்பர் கிண்ணம் வைத்த தட்டு. பத்தே நாளில், நடுராத்திரியில் 'டமால்'. டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் ஒட்டியது என் தப்பு. அந்தப் பள்ளம் வழியே காற்று புகுந்தால் பிடிப்பு போய்விடும்.

அடுத்தது, பசைப்பட்டையில் நிற்கும் முக்கோண ஸ்டீல் தட்டு இரண்டு. சுவரிலிருந்த சோப்புப் படலத்தைத் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு ஒட்டினேன். 24 மணி நேரம் எதையும் வைக்கவில்லை. (வீட்டில் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை, கதவிலேயே சீட்டு ஒட்டினேன்.) எட்டு மாதமாக அசையவில்லை, ஒரு லிட்டர் பாட்டிலையே தாங்குகிறது. அடியில் ஓட்டைகள் இருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. துருப்பிடிக்காது என்று அட்டையில் போட்டிருந்தும், வெல்டிங் வைத்த இடத்தில் லேசாகத் துரு. முன்விளிம்பு தாழ்வு, ரேசர் வழுக்கி விழுகிறது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். மூன்றாவது தட்டுக்கும் சொல்லிவிட்டேன்.