பத்து விளைச்சலுக்குப் பின் என் வேளாண் பட்டயப் படிப்பு

மியான்மரில் (பர்மாவில்), பெகு என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் அழைக்கும் பகோ நகருக்குக் கிழக்கே, சித்தாங் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில் எங்கள் குடும்பத்திற்குப் பதினொரு ஏக்கர் வயல் உண்டு. மழைக்காலத்தில் நெல்லும், தண்ணீர் வடிந்தபின் மண்ணில் எஞ்சும் ஈரத்தை நம்பி உளுந்தும் பயிரிடுகிறோம். அந்த வயலுக்குத் திரும்பிவரும் எண்ணத்தோடுதான் 2011இல் மூன்றாண்டு வேளாண் பட்டயப் படிப்பில் சேர்ந்து 2014இல் முடித்தேன். படித்ததில் எது வயலில் நின்றது, எது நிற்கவில்லை என்பதைப் பத்துப் போகமாவது பார்த்த பிறகே சொல்ல வேண்டும் என்று காத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடங்கள் பர்மிய மொழியில் நடந்தன. கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் நாங்கள் பேசுவதோ தமிழ். முதல் பருவத்தில் பாடத்தைப் புரிந்துகொண்டாலும் அதை அப்பாவிடம் விளக்கிச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. அதனால் ஒரு குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் போட்டு, பர்மியச் சொல், ஆங்கிலச் சொல், அப்பா சொல்லும் சொல் என எழுதத் தொடங்கினேன். தூர், பதர், சாவி, உவர், தொண்டைக்கதிர் என்று மூன்றாவது கட்டம் நிரம்பியபோதுதான், எங்கள் வீட்டுப் பேச்சில் இத்தனை நுட்பமான வேளாண் அறிவு இருந்ததை உணர்ந்தேன். பர்மியச் சந்தையில் ஏறத்தாழ 1.63 கிலோவுக்கு வழங்கும் நிறுத்தலளவை, ஆங்கிலேயர் எழுத்தில் ‘விஸ்’ என்று பதிவானது, நம்முடைய ‘விசை’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதையும் அந்த ஏட்டின் ஓரத்தில்தான் குறித்துவைத்திருக்கிறேன். சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இப்படி ஓர் ஏட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு மிகுதியாகப் பயன்பட்டது மண்ணியல் பாடம். அதிலும் குறிப்பாக யூரியாவைப் பற்றிய பகுதி. தேங்கி நிற்கும் நீரில் யூரியாவை வீசினால் அது கரைந்து அம்மோனியமாக மாறுகிறது. வெயில் ஏற ஏற நீரிலுள்ள பாசி ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நண்பகலில் நீரின் காரத்தன்மை உயர்கிறது. அப்போது அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது என்றால், அதில் ஒரு பெரும் பங்கைப் பயிர் தொடுவதற்கு முன்பே வானத்திற்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா பல ஆண்டுகளாகக் கணுக்கால் அளவு நீரில், பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகே உரம் போட்டு வந்தவர். இப்போது நீரை வடித்து, சேற்றில் உரத்தைக் கலந்து, மறுநாள் நீர் கட்டுகிறோம்.

அதே அளவுக்கு முக்கியமானது உரமிடும் பருவம். தண்டு பருத்து, இலையுறைக்குள் தொண்டைக்கதிர் புடைத்துத் தெரிந்ததும் கடைசி உரம் போடுவது எங்கள் பகுதி வழக்கம். கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்று வகுப்பில் கற்றேன். பூப்பதற்கு ஏறத்தாழ 30 நாள் முன்பு, முதன்மைத் தூர் ஒன்றைப் பிடுங்கிக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்த்தால், அடிக்கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வெண்பஞ்சு போன்ற இளங்கதிர் தெரியும். உரத்திற்கு உரிய வேளை அதுதான். இதை நான் வாயால் சொன்னபோது அப்பா ஏற்கவில்லை. 2015இல் ஒரு ஏக்கரை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்து, “நீ செய்து காட்டு அம்மா, பார்க்கிறேன்” என்றார். அறுவடையில் இரண்டு நிலங்களிலும் ஒரு சதுர மீட்டர் சட்டத்தை ஐந்து இடங்களில் வைத்து அறுத்து, காயவைத்து நிறுத்தேன். என் ஏக்கரில் கதிருக்கு மணி கூடுதலாக இருந்தது. மறு ஆண்டு அப்பாவே தண்டைப் பிளந்து பார்த்தார். சட்டம் வைத்து அறுத்து, ஈரப்பதத்தை 14 விழுக்காட்டுக்குக் கணக்கிட்டு ஒப்பிடும் அந்த எளிய முறையைக் கற்றுத் தந்ததற்காகவே நான் அந்தப் படிப்புக்கு நன்றியுடையவள்.

நெல் வகைகள் பற்றிய பாடத்தில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி கிடைத்தது. எங்கள் பகுதியில் பரவலாக விளையும் மனோதுக்கா, 1965இல் மலேசியாவில் வெளியிடப்பட்ட மசூரி நெல்லின் வழிவந்தது. தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த பொன்னியும் அதே மசூரியின் வழிதான். பர்மியக் கிண்ணத்திலும் தஞ்சாவூர் இலையிலும் ஒரே குடும்பத்து அரிசி விழுகிறது என்பதை அன்று விடுதியிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தேன்.

பூச்சியியல் பாடத்தின் பயன் பணமாகவே தெரிந்தது. நடவு முடிந்த முதல் நாற்பது நாளுக்குள் இலை சுருட்டுப் புழுவைக் கண்டு அஞ்சி மருந்து அடித்தால், சிலந்திகளும், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானின் முட்டையைத் தின்னும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் மடிகின்றன. பின்னர் புகையான் தடையின்றிப் பெருகுகிறது. தூரைத் தட்டி, நீரில் விழும் சிலந்திகளையும் புகையான்களையும் எண்ணிப் பார்த்த பிறகே முடிவெடுக்கக் கற்றுக்கொண்டேன். எண்ணத் தொடங்கிய பின் நாங்கள் தெளிப்பானைத் தோளில் ஏற்றிய நாள்கள் மிகக் குறைவு.

உளுந்தில் என் அனுபவம் அவ்வளவு தெளிவாக இல்லை. செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று கற்றேன். அந்த முடிச்சை உருவாக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரைக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி விதைத்தும் பார்த்தேன். சில ஆண்டுகளில் வேறுபாடு தெரிந்தது. சில ஆண்டுகளில் பூசாத வயலும் அதே அளவு விளைந்தது. மஞ்சள் தேமல் நோய்க்கு மருந்து இல்லை, அதைப் பரப்புவது வெள்ளை ஈ, தாங்கும் வகையை விதைப்பதும் நோயுற்ற செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்குவதுமே வழி என்ற பாடம் மட்டும் ஒருமுறையும் பொய்க்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நான் படித்த நிலையத்தின் செயல்முறை வயல்கள் மட்டம் செய்யப்பட்டவை. வாய்க்கால் நீர் பெறுபவை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, நாற்று ஒரு வாரம் மூழ்கிக் கிடக்கும் எங்கள் பகுதி வயலை அவை ஒத்திருக்கவில்லை. நடவு முறையைப் பல வாரம் கற்பித்தார்கள். இளைஞர்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டதால் நாங்கள் நேரடி விதைப்புக்கு மாறியபோது, களையையும், பயிரோடு களையாக முளைக்கும் களைநெல்லையும் எப்படிச் சமாளிப்பது என்பதற்கு என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம்கூட இல்லை.

வேளாண் பொருளியல் எல்லாவற்றிலும் மெலிந்த பாடமாக இருந்தது. 1930களின் விலை வீழ்ச்சியில் கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த தமிழ்நாட்டுச் செட்டியார்களிடமிருந்த நிலம் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது என்று படித்தோம். என் முன்னோர் கடன் கொடுத்தவர்கள் அல்லர், அறுவடைக் கூலிகளாக வந்தவர்கள். ஆனாலும் அந்த வகுப்பில் தலை குனிந்தே அமர்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய செய்தியைத் தேர்வுக்கான ஒரு வரியாகக் கடந்துபோனார்கள். விலை விழுந்தால் ஒரு குடியானவர் என்ன செய்வது என்ற கேள்வி எழவே இல்லை. 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு அளவு விதித்து, உளுந்து விலை சரிந்தபோது, பட்டயம் பெற்ற நானும் பட்டயம் இல்லாத அண்டை வீட்டாரும் ஒன்றுபோல மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகுதான் விதை, உரம், கூலி, வட்டி என ஒவ்வொன்றையும் ஏக்கர் வாரியாக எழுதும் கணக்கை நானாகவே தொடங்கினேன்.

விண்ணப்பிக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: குடியுரிமை அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரும் தந்தை பெயரும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதை ஓராண்டு முன்பே பார்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயர் ஒரு தாளிலும் பர்மியப் பெயர் மற்றொரு தாளிலும் இருந்ததால் நான் ஒரு கல்வியாண்டை இழந்தேன்.

அரசு வேலையை மட்டும் நோக்கிச் சேர்பவர்களுக்கு இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். திரும்பிப் போக ஒரு வயலும், அதில் ஒரு ஏக்கரையாவது விட்டுக்கொடுக்கும் பெரியவர் ஒருவரும் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். இந்த மழைக்காலத்தில் களைநெல்லுக்காக, விதைப்புக்கு முன் இரண்டு முறை நீர் விட்டு முளைக்கவைத்து உழுது அழிக்கும் முறையை அரை ஏக்கரில் செய்து பார்க்கிறோம். சட்டத்தை எந்த ஐந்து இடங்களில் வைப்பது என்று அப்பா இப்போதே குச்சி நட்டு வைத்திருக்கிறார்.