மூடுன எஸ்டேட் ஆஸ்பத்திரி எடத்துல யூனிட், 35 சதவீதம் மானியம்னு யாராவது வந்தா ஒத்த ரூபா குடுக்காதீங்க

வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குமுளி, கம்பம் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க இத முழுசா படிங்க. எங்க வீட்டுல இருந்து 1,85,000 ரூபா போயிருச்சு. நேத்து தான் அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா "ரீஃபண்ட்லாம் கெடையாதுக்கா, எங்க வேணா போய் சொல்லிக்கங்க"ன்னு சொன்னான். ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல. எப்படி ஏமாத்துறாங்க, எப்படி தப்பிக்கறது, ரெண்டையும் எழுதிடறேன்.

பேர் போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. லோன், மானியம் வாங்கித் தர்றோம்னு போர்டு வச்ச ஒரு கன்சல்டன்சி, கம்பத்துல இருக்கு, அவ்ளோ தான் சொல்ல முடியும்.

2000 வாக்குல தேயில வெல விழுந்து கேரளாவுல நம்ம பீர்மேடு தாலுக்காவுல வரிசையா எஸ்டேட் பூட்டுனது உங்களுக்கு தெரியும். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி தான் தொழிலாளிக்கு வைத்தியம் பாக்கணும்னு இருந்துச்சு, அதுனால பெரிய எஸ்டேட்ல எல்லாம் ஆஸ்பத்திரி இருந்துச்சு. எஸ்டேட்ட பூட்டுனதோட அதுவும் போச்சு. நானும் என் தம்பியும் அப்படி ஒரு ஆஸ்பத்திரில தான் பொறந்தோம். இப்ப ஓடு எறங்கி, ஜன்னல கழட்டிட்டு போய், காடு மண்டி கெடக்குது. அந்த எடத்த தான் இந்த கன்சல்டன்சிக்காரன் வித்தான்.

அவன் சொன்ன கத இது. மூடுன ஆஸ்பத்திரி எடத்த மறுபடி டெவலப் பண்ணா சென்ட்ரல் கவர்மெண்டும் ஸ்டேட்டும் சேந்து மானியம் குடுக்குது, அங்க ஏலக்கா, மொளகு, டீத்தூள் பேக்கிங் யூனிட்டா கட்டப் போறோம், பழைய எஸ்டேட் குடும்பத்துக்கு தான் முன்னுரிம, பொம்பளைங்க பேர்ல போட்டா 35 சதவீதம், எடத்துக்கும் சேத்தே மானியம் வந்துரும். நானும் எங்க நாத்தனாரும் சேந்து பேக்கிங் பண்ணலாம்னு ரொம்ப நாளா பேசிட்டு இருந்தோம், அது அவனுக்கு யார் மூலமா தெரிஞ்சுச்சுன்னு இன்னும் தெரியல.

நம்பிக்க எங்க வந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா உங்களுக்கும் இதே தான் காட்டுவான். ஜீப்ல எங்கள அந்த எடத்துக்கே கூட்டிட்டு போனான். தரையில சுண்ணாம்புப் பவுடர்ல கோடு போட்டு நம்பர் எழுதி வச்சிருந்தான். எங்கம்மாவ கைய புடிச்சு எறக்கி விட்டு "அம்மா, நீங்க வேல பாத்த எடம், உங்க பொண்ணு மொதலாளியா வரப் போறா"ன்னு சொன்னான். எங்கம்மா அழுதுட்டாங்க. அப்பறம் ஆபீஸ்ல ஆதார வாங்கி பிஎம்இஜிபி (புதுசா தொழில் தொடங்க பேங்க் லோனோட மானியம் குடுக்கற சென்ட்ரல் கவர்மெண்ட் திட்டம்) வெப்சைட்ல என் பேர்ல அப்ளிகேஷன் போட்டான், அங்கயே என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு, ஐடியும் பாஸ்வேர்டும். நெஜமான கவர்மெண்ட் மெசேஜ். "பாத்தீங்களாக்கா, உங்க பேரு டெல்லி வரைக்கும் போயிருச்சு"ன்னான். அந்த மெசேஜ பாத்த பெறகு தான் எங்க வீட்டுக்காரரும் சரின்னாரு.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு 25,000. பத்து லட்சம் ப்ராஜெக்ட்டுக்கு நம்ம பங்கு 5 சதவீதம்னு 50,000. எடத்துக்கு அட்வான்ஸ் 1,10,000. ஆக மொத்தம் 1,85,000. இதுல பாதிக்கு மேல எங்கம்மாவோட கிராஜுவிட்டி, எஸ்டேட் பூட்டி எத்தனையோ வருஷம் யூனியன் பின்னாடி அலஞ்சு கைக்கு வந்த காசு. மிச்சம் செயின அடகு வச்சது.

அதுக்கப்பறம் ஆரம்பிச்சுச்சு. போன் பண்ணா ஒரு பொண்ணு எடுத்து "சேச்சி, சார் மீட்டிங்ல"ம்பா. பைல் தொடுபுழாவுல இருக்கு, பைல் திருவனந்தபுரம் போயிருச்சு, ஓணம் முடியட்டும், அப்பறம் எலெக்ஷன் கோடு, அப்பறம் சபரிமல சீசன், ஆபீசர்ங்க எல்லாம் டூட்டிக்கு போயிட்டாங்க. நேர்ல போனா டீ வாங்கிக் குடுத்து அனுப்புவான். கொஞ்சம் சத்தமா கேட்டா "என்னக்கா, சொந்தத் தம்பிய நம்ப மாட்டீங்களா". கடைசியா ரசீத கொண்டு போய் மேசையில வச்சேன். மூணு ரசீதுலயும் "கன்சல்டேஷன் பீஸ்"னு தான் அடிச்சிருக்கு, அட்வான்ஸ்னு ஒரு எடத்துலயும் இல்ல. "ஆலோசன சொன்னோம்ல, அதுக்கு பீஸ்"ங்கறான். 1,85,000 ரூபாய்க்கு என்ன ஆலோசனடா சொன்ன நீ?

வில்லேஜ் ஆபீஸ்ல போய் கேட்டா அது இன்னமும் தோட்டப் பூமி, இவன் பேர்லயோ இவன் சொன்ன கம்பெனி பேர்லயோ ஆதாரமும் (பத்திரம்) இல்ல, கரம் (நிலவரி) கட்டுன ரசீதும் இல்ல. 1963 கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்துல உச்சவரம்புல இருந்து தோட்டத்துக்கு விலக்கு குடுத்ததே அது தோட்டமா இருக்கற வரைக்கும் தான், கண்டபடி துண்டு போட்டு விக்கற எடம் இல்ல. தோட்டத்து நெலத்துல 5 சதவீதம் வரைக்கும் டூரிசம் மாதிரி வேற காரியத்துக்கு விடலாம்னு ஒரு திருத்தம் இருக்கு, இவன் அந்த பேப்பர தான் எங்ககிட்ட காட்டுனான். ஆனா அத செய்ய வேண்டியது தோட்டத்து ஓனர், கம்பத்துல ரூம் போட்டு உக்காந்திருக்கறவன் இல்ல.

பஞ்சாயத்துல வியவசாய வகுப்புல (தொழில் துறை) இருந்து ஒரு பொண்ணு உக்காருது, அது பொறுமையா எல்லாத்தையும் சொல்லிச்சு. பிஎம்இஜிபி தொழிலுக்கு குடுக்கறது, எடத்துக்கு இல்ல. நெலம் வாங்குற காச ப்ராஜெக்ட்ல சேக்கவே கூடாது. கிராமத்துல பொம்பளைங்களுக்கு 35 சதவீதம்ங்கறது உண்ம தான், ஆனா அது நம்ம கைக்கு வராது. மொதல்ல பேங்க் லோன் பாஸ் பண்ணணும், மானியம் பேங்குக்கு வந்து மூணு வருஷம் டெபாசிட்டா கெடக்கும், யூனிட் ஓடுதான்னு நேர்ல வந்து பாத்துட்டு தான் லோன்ல கழிப்பாங்க. நம்ம பங்கு 5 சதவீதத்தையும் பேங்க்ல தான் கட்டணும். அந்த ஐடி மெசேஜ், ஆதார் போட்டு அப்ளை பண்ற யாருக்கும் வரும், அது சாங்ஷன் இல்ல. அப்ளிகேஷனுக்கு பீஸே கெடையாது, மாதிரி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கூட இந்தத் திட்டத்த நடத்தற காதி கமிஷன் வெப்சைட்ல சும்மாவே கெடைக்குது. 25,000 வாங்குனானே அதுக்கு!

போலீசுக்கு போனா இன்னொரு கூத்து. இங்க கேரளா ஸ்டேஷன்ல "ஆபீஸ் கம்பத்துலல்லே, அவிடெ கொடுக்கு"ங்கறாங்க. கம்பத்துல "எடம் கேரளாவுல இருக்கு, நீங்களும் கேரளா, அங்க போய்க் குடும்மா". குமுளி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்து மாதிரி ஒதைக்கறாங்க. வக்கீல் தான் சொன்னாரு, 2024 ஜூலைல இருந்து வந்த புது சட்டத்துல எந்த ஸ்டேஷன்லயும் புகார் வாங்கியே ஆகணும், ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அவங்களே மாத்தி விடணும், ஏமாத்துனதுக்கு பிரிவு 318. நாளைக்கு அத எழுதி எடுத்துட்டு திரும்ப போறோம்.

எப்படி தப்பிக்கறதுன்னு சொல்றேன்னு சொன்னேன், இப்ப தல வெடிக்குது, மனசுல வர்றத மட்டும் எழுதறேன். எடம்னு சொன்னா பணம் எடுக்கறதுக்கு முன்னாடி வில்லேஜ் ஆபீஸ் போங்க. மானியம்னு சொன்னா நேரா பேங்க் மேனேஜர்கிட்டயோ ஜில்லா வியவசாய கேந்திரத்துலயோ (மாவட்டத் தொழில் மையம்) கேளுங்க, நடுவுல ஆள் வேணாம். ரசீதுல எதுக்கு வாங்குறோம்னு சரியா எழுதலேன்னா எந்திரிச்சு வந்துருங்க. ஆதார், ஓடிபி குடுக்காதீங்க. ஜிபேல அனுப்பி மோசம் போனா அன்னைக்கே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. கன்ஸ்யூமர் கோர்ட்ல நாம இருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், அஞ்சு லட்சம் வரைக்கும் பீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

அன்னைக்கு ஜீப்ல எங்களோட இன்னும் மூணு குடும்பம் வந்துச்சு, ரெண்டு குடும்பம் பாம்பனார் பக்கம்னு சொன்னாங்க, நம்பர் வாங்காம விட்டுட்டோம். உங்க கையிலயும் அதே மாதிரி "கன்சல்டேஷன் பீஸ்"னு அடிச்ச ரசீது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ஒத்த ஆளா போனா 1,85,000 ரூபா கேஸுன்னு தள்ளி விட்டுருவாங்க, எல்லாரும் ஒண்ணா போய் ஒரே புகாரா குடுக்கலாம். நாளைக்கு காலைல பத்து மணிக்கு குமுளி பஸ் ஸ்டாண்டுல இருப்போம், எங்கம்மாவும் வர்றாங்க.